தண்ணீர் வராத குழாய்கள்

அந்தப் பயிற்சிக்கூடத்தின் சுவர் முழுக்கக் குழாய்கள் இருந்தன. ஒன்றில்கூடத் தண்ணீர் வராது. பெரிய மரப்பலகை ஒன்றில், ஒரு வீட்டுக்குள் எப்படி ஓடுமோ அப்படியே பைப்புகளை ஓடவிட்டு, சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று என்று குழாய்களைப் பொருத்தியிருந்தார்கள். பிளம்பிங் கற்க வந்த பெண்கள் கழற்றுவார்கள், மாட்டுவார்கள், மறுபடியும் கழற்றுவார்கள். பைப்புகளுக்குள் வெறும் காற்று.

குச்சி அங்கேதான் வேலை கற்றாள். ஆள் ஒல்லி என்பதால் வந்த பெயர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, அம்மாவோடு அட்டைப்பெட்டி கம்பெனியில் பசை தடவிக்கொண்டிருந்தவள். இலவசப் பயிற்சி என்று கேள்விப்பட்டதும் சண்டை போட்டு வந்து சேர்ந்தாள். பயிற்சி முடிந்த கையோடு அம்மா கெடு வைத்துவிட்டாள்.

"இந்த வாரத்துக்குள்ள வேலைன்னு ஒண்ணு கெடைக்கணும். இல்லன்னா திங்கக்கிழமை பழையபடி என்கூட கெளம்பு. சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வச்சுட்டேன்."

"நாளைக்கு ஒரு பிளம்பர் கூட்டிட்டுப் போறாரும்மா. என் வேலை புடிச்சா சேத்துக்குவாராம்."

"பொம்பளப் புள்ளைய நம்பி யாருடி குழாய் மாட்டச் சொல்லுவா?"

"வீட்டுல கதவு தொறக்கிறதும் பொம்பளைங்கதானேம்மா?"

"வாய் மட்டும் நல்லா தொழில் கத்துக்கிட்டிருக்கு" என்று அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் பிளம்பர் கூட்டிப்போன வீட்டில், மாடிக் குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பிளம்பர் குட்டையான மனிதர். குரல் மட்டும் பெரிது. "இதைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டும்மா. கீழ சிங்குக்கு ஒரு ட்யூப் வாங்கணும், கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார்.

குச்சி முதலில் புதுக் குழாயைக் கையில் எடுத்தாள். அதன் திருகு மரையில் வெள்ளை டேப்பைச் சுற்ற வேண்டும். அதற்கும் ஒரு திசை உண்டு: குழாய் எந்தப் பக்கம் திருகி உள்ளே போகுமோ, அந்த முறுக்கோடு டேப்பும் இறுக வேண்டும். மாற்றிச் சுற்றினால் திருகத் திருகப் பிரிந்து வந்துவிடும். அவள் சுற்றியது தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது. பிறகு ஸ்பானரைப் பிடித்துப் பழைய குழாயைக் கழற்றினாள்.

கடைசி மரை விட்டதுதான் தாமதம், குழாய் தெறித்துப் போய் எதிர்ச்சுவரில் மோதியது. பின்னாலேயே தண்ணீர், கட்டைவிரல் கனத்தில், நேராக அவள் முகத்தில்.

மெயின் வால்வை மூடிவிட்டுத்தான் கழற்ற வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஆனால் மாதக்கணக்கில் காற்றோடு பழகிய கை அது. வால்வை மூடாமல் கழற்றினாலும் ஒன்றும் ஆகாது என்றுதான் அந்தக் கை கற்றிருந்தது.

உள்ளங்கையால் அடைத்தாள். விரலிடுக்கில் பீறிட்டது. வீட்டுக்கார அம்மா ஓடி வந்தார்.

"ஐயையோ! என்னம்மா பண்ணிட்டே?"

"மொட்டை மாடில தொட்டிக்குக் கீழ ஒரு வால்வு இருக்கும்மா! அதை மூடுங்க!"

அவர் மூச்சிரைக்க ஏறிப் போய், மூச்சிரைக்க இறங்கி வந்தார். "அது அசைய மாட்டேங்குது. துரு புடிச்சுக் கெடக்கு."

தண்ணீர் படுக்கையறை வாசலைத் தொட்டிருந்தது. குச்சிக்குப் பசை வாளி கண்முன்னால் வந்து நின்றது. திங்கட்கிழமை.

அவள் கண்ணை மூடிப் பலகையை நினைத்துக்கொண்டாள். தொட்டி மேலே, அங்கிருந்து ஒரே பைப் இறங்குகிறது, வழியில் மாடிக்கு ஒரு கிளை, கீழே சமையலறைக்கு, தோட்டத்துக்கு. இறங்குகிற தண்ணீர், வேறு வாசல் எல்லாம் மூடியிருப்பதால்தான் தன் முழுப் பலத்தையும் இந்த ஓட்டையில் காட்டுகிறது. கீழே வாசலைத் திறந்துவிட்டால்?

"அம்மா, கீழ இருக்கற எல்லாக் குழாயையும் முழுசா தொறந்து விடுங்க!"

"ஏன்டி, மேல வர்ற தண்ணி போதலையா உனக்கு?"

"தொறங்கம்மா, சொல்றேன்!"

அவர் திட்டிக்கொண்டே போனார். கீழே ஒரு குழாய் இரைந்தது, பிறகு இன்னொன்று, பிறகு தோட்டத்துக் குழாய். உள்ளங்கையில் முட்டிக்கொண்டிருந்த அழுத்தம் மெல்லத் தளர்ந்தது. கையை எடுத்துப் பார்த்தாள். பீறிட்டது போய், சும்மா வழிந்தது. புதுக் குழாயை வைத்துத் திருகினாள். டேப் பிரியவில்லை. ஒரு சொட்டு இல்லை.

பிளம்பர் வந்தபோது இருவரும் படுக்கையறை வாசலில் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன, வீட்டுக்குள்ள மழையா?"

"வால்வை மூடாம கழட்டிட்டேண்ணா" என்றாள் குச்சி.

"அந்த வால்வு மூடவே மாட்டேங்குதே!" என்று வீட்டுக்கார அம்மா பரிந்து பேசினார்.

"முதல்லயே மூடப் போயிருந்தா, அது மூடாதுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். தப்பு என்னோடதுதான்."

பிளம்பர் குழாயைத் திறந்தார், மூடினார், மரையோரம் விரலால் தடவிப் பார்த்தார். விரல் காய்ந்திருந்தது. "கீழ தொறந்துவிடச் சொன்னது யாரு?"

"இவதான். நான் பைத்தியம்னு நெனச்சேன்" என்றார் அந்த அம்மா.

"உங்க கிளாஸ்ல தண்ணியே வராதா?"

"வராதுண்ணா. பலகைல மாட்டித்தான் பழகுவோம்."

அவர் வீடு அதிரச் சிரித்தார். "திங்கக்கிழமை காலைல கடைக்கு வந்துடு. அதுக்குள்ள அந்தப் பலகைக்குத் தண்ணி கொண்டு வாங்க. இல்லன்னா வர்றவ ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு வீட்டைக் குளிப்பாட்டுவா."

அன்று மாலை அம்மா, ஈரத் துணியோடு வந்த மகளைப் பார்த்துப் பதறினாள். வேலை கிடைத்த விஷயம் தெரிந்ததும் துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டிவிட்டாள். கடைசியில், "சூப்பர்வைசருக்கு என்னடி பதில் சொல்றது?" என்றாள்.

"அவரு வீட்டுக் குழாய் சொட்டினா கூப்பிடச் சொல்லும்மா."

அம்மா சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பயிற்சிக்கூடத்தில் தோழிகள் சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் டிரம்மை மாடிப்படியின் உச்சிக்குத் தூக்கினார்கள். உயரம் எவ்வளவோ அவ்வளவு பலம் தண்ணீருக்கு. அங்கிருந்து ரப்பர் ட்யூப் ஒன்றை இறக்கிப் பலகையில் கோத்தார்கள். முதல் ஆளாக முன்னால் வந்தவள் ரேடியோ. ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர்.

"இதுல என்னடி பயம்? முதல்ல மெயின் வால்வை மூடணும், அப்புறம்..." என்று பாடம் நடத்திக்கொண்டே, மூடாமல், ஸ்பானரைத் திருப்பினாள்.

குச்சி இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.