கோமு யார் சாடை?

எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால் பெயர் வைப்பதற்கு முன்பே சாடையைப் பங்கு வைத்துவிடுவார்கள். என் மகள் கோமு பிறந்தபோது மூக்கு எங்கள் அப்பாவுடையது என்றார்கள். நெற்றியை அண்ணாச்சி நமச்சிவாயம் பிள்ளை எடுத்துக்கொண்டார். நிறம் தன்னுடையது என்று மதினி அன்னத்தாய் சாதித்தாள். அவளுக்கும் பிள்ளைக்கும் ரத்த சம்பந்தமே கிடையாது, இருந்தாலும் விடவில்லை. பெற்றவள் பிரம்மநாயகிக்கு மிஞ்சியது ஒரு காது.

டில்லியில் ஜார்ஜ் மன்னருக்குப் பட்டாபிஷேகம் நடந்ததற்கு மறுவருஷம் கோமுவுக்கு ஐந்து வயது. அவளுடைய தம்ளரை யாராவது நகர்த்தி வைத்தால் கத்துவாள். சாதாரணக் கத்தல் இல்லை, ரதவீதியில் போகிற வண்டிமாடு மிரளும். எண்ணெய் தேய்க்கப் போனால் கடிப்பாள். வேற்று ஆள் வந்தால் கட்டிலுக்கடியில் புகுந்து தலையைத் தரையில் முட்டுவாள். அந்தச் சத்தத்தை மட்டும் என்னால் தாங்கவே முடியாது. குடையை எடுத்துக்கொண்டு வேலை பார்க்கிற தாலுகா கச்சேரிக்குக் கிளம்பிவிடுவேன், ஞாயிற்றுக்கிழமையானாலும்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. டவுன் வைத்தியர் நாடி பிடிக்கக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைக் கடித்தாள். கடித்த வேகத்தை வைத்தே பித்தம் என்று சொல்லிவிட்டுப் போனார். பாளையங்கோட்டையிலிருந்து வந்த டாக்டர் பூச்சி என்றார். அவர் கொடுத்த விளக்கெண்ணெய் அவர் கால்சட்டைக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்தது. மேலப்பாளையத்து நூகு லெப்பையிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் ஓதுகிற வரைக்கும் கம்மென்று கேட்டாள், நிறுத்தியதும் கத்த ஆரம்பித்தாள். மறுபடி ஓதினார், மறுபடி கத்தலை நிறுத்தினாள். "பிள்ளைவாள், நான் நாள் பூரா ஓதுனா தொண்டை தாங்காது, ஒமக்குப் புண்ணியமாப் போவும், வேற ஆளைப் பாரும்" என்று தண்ணீரை மந்திரித்துக் கொடுத்தார். நல்ல மனுஷர், காசு வாங்கவில்லை.

அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. இருந்தால்தானே போவதற்கு என்று கேட்காதீர்கள். பிள்ளை கத்தினால் அதைவிட ஒரு பங்கு கூடக் கத்தி அடக்குவது அவர் வழக்கம். தெற்கே ஏதோ ஒரு கோயிலில் இப்படிப்பட்டவர்களைச் சங்கிலி போட்டு ஒரு மண்டலம் கட்டி வைப்பார்களாம், யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஏலே சம்முகம், வண்டியைப் பூட்டிக் கொண்டுபோய் அங்கன விட்டுட்டு வந்துருவோம். எல்லாம் சரியாப் போவும்."

என் மனைவி அண்ணாச்சி முன்னால் வந்து நின்று பேசியதே கிடையாது. புருஷனுக்கு மூத்தவர் அல்லவா? கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சொல்ல வேண்டியதைப் பிள்ளையிடம் சொல்வாள். அது அவருக்கான பதில் என்று அவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றும் அப்படித்தான், "கோமு, பெரியப்பாட்ட சொல்லு, பிள்ளையைச் சங்கிலி போட வேண்டாம்னு" என்றாள். தூது போக வேண்டியவள் கட்டிலுக்கடியில் தலையை முட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். "நல்ல வைத்தியரா ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. அவளை அங்கன கட்டிப் போட்டுட்டு இங்கன நான் எப்படிச் சோறு திம்பேன்?"

அண்ணாச்சி சொல்லுக்கு மறுசொல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வைத்தியரைத் தேடுவது அதைவிடச் சுலபமாகப் பட்டது. நாங்குநேரியிலிருந்து வைத்தியலிங்கம் என்பவரை வண்டி வைத்துக் கூட்டிவந்தேன்.

அவர் வாசல்படியைத் தாண்டவில்லை. எங்கள் கைகளில் இருந்த பல் தடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பிள்ளைக்குப் பல்லு ஒண்ணும் விழலையோ?" என்று கேட்டார். இல்லை என்றோம். ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"மருந்து இருக்கு. ஆனா இது யார் கையால வாங்கித் திங்கும்? பால்குடிப் பிள்ளைக்குச் சீக்குன்னா தாய்தானவே மருந்து திங்கா? அந்தக் கணக்குத்தான் இதுவும். பிள்ளை யார் சாடையோ, அவுக இந்த லேகியத்தைத் தின்னு ஒரு மண்டலம் பத்தியம் இருக்கணும். உப்பு, புளி ஆகாது. சத்தம் போட்டுப் பேசப்பிடாது."

லேகியச் சட்டியைப் படியிலேயே வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். சாஸ்திரம் பேசினாரா, பயம் பேசிற்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணாச்சி நியாயமானவர். "சரி, யாராவது பத்தியம் இருங்க. நானும் ஒரு மண்டலம் பொறுக்கேன். யாரும் இல்லைன்னா நாளைக்கே வண்டிதான்" என்றார்.

அவ்வளவுதான். பங்கு போன மூக்கும் நெற்றியும் ஒரே நாழிகையில் திரும்பி வந்தன. தான் சொன்னது மாநிறத்தை, அது ஊரில் எல்லோருக்கும் உள்ளதுதானே என்றாள் மதினி. மூக்கு போகப்போக மாறிவிட்டது என்றேன் நான். பொய் சொல்வானேன், அடுக்களையில் சொதி கொதித்துக்கொண்டிருந்தது. தேங்காய்ப்பாலும் இஞ்சியும் சேர்ந்து மணக்கிற நேரத்தில் ஒரு மண்டலத்துக்கு உப்பில்லாச் சோறு என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? பிள்ளையின் கோபம் யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். பூனைக்கு மணி கட்டத்தான் ஆளில்லை. எல்லோரும் பைய அண்ணாச்சியைப் பார்த்தோம்.

"என்னை ஏம்லே பாக்குதிய?" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருநாய் குரைத்தது. "நான் எந்தக் காலத்துலலே கத்திருக்கேன்?"

மதினி சொதியைக் கிண்டப் போனாள். நான் குடையைத் தேடினேன்.

"அப்ப ஒருத்தரும் இல்ல. நாளைக்கு வண்டியைப் பூட்டு."

கதவு திறந்தது. பிரம்மநாயகி வெளியே வந்து அண்ணாச்சிக்கு நேர் எதிரே நின்றாள். அவர் பதறிப்போய்த் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார்.

"அத்தான், அவ என் சாடை" என்றாள்.

நடுவில் பிள்ளையில்லை, சுவரில்லை, நானுமில்லை. அவள் குரல் இவ்வளவு கனமானது என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

"நானும் சின்னதுல இப்படித்தான் தலையை முட்டுவேன். எங்க அம்மை என்னைக் கட்டிப் போடலை, கூடவே உக்காந்திருந்தா. இந்த வீட்டுக்கு வந்த பொறவு கதவுக்குப் பின்னால நின்னு நின்னு எல்லாத்தையும் முழுங்கப் படிச்சுக்கிட்டேன். அவ முழுங்க மாட்டேங்கா, அவ்வளவுதான். சங்கிலி வாங்குறதுன்னா ரெண்டா வாங்குங்க."

சட்டியை எடுத்து லேகியத்தை ஒரு உருண்டை உருட்டி வாயில் போட்டாள். கசப்பில் கண் கலங்கிற்று, துப்பவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் ஊர் ஊராக வைத்தியர் தேடியவன் வீட்டுக்குள் ஒரு நாள் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

"அண்ணாச்சி, என் சாடையும் இருக்கு" என்று சொல்லி நானும் ஒரு உருண்டை எடுத்தேன். அதற்கு முன்னால் வேப்பங்கொட்டை சர்க்கரை.

அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்கட்டுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் மதினி எங்களுக்கு மட்டும் உப்பில்லாமல் சோறும் பாசிப்பருப்பும் தனிச் சட்டியில் வைத்தாள். பிரம்மநாயகி தன் சோற்றைக் கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, குனிந்து கோமுவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அண்ணாச்சி கால் கழுவிவிட்டு வந்து இலை முன் அமர்ந்தார். மதினி சொதியை ஊற்றப் போனாள்.

"ஏளா, அது வேண்டாம். அந்தச் சட்டியில மிச்சமிருக்கா?"

"இருக்கு. அது பத்தியச் சோறுல்லா?"

"தெரியுது. எனக்கும் போடு."

மதினி பரிமாறினாள். யாருடைய கையோ பட்டுத் தம்ளர் நகர்ந்துவிட்டது போலிருக்கிறது, கட்டிலுக்கடியில் கோமு வீறிட்டாள். அண்ணாச்சி அதட்டுவதற்காக வாயைத் திறந்தார். பிறகு ஒரு கவளம் உப்பில்லாச் சோற்றை எடுத்து அதில் போட்டு மூடிக்கொண்டார்.