தபசு காலத்துப் புகை

"இப்பத் திருப்பாத. கரி வெள்ளையாப் பூக்கட்டும்," என்றார் பாஸ்கல், முற்றத்துக் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்தபடி.

அமலோற்பவம் விசிறியை நிறுத்தினாள். பாதியாக வெட்டிய தார் டின்னில் உடைமரக் கரி கனன்றுகொண்டிருந்தது. மேலே கம்பிகளில், புளித்த வினாகிரியும் மிளகும் பூண்டும் அரைத்துத் தடவிய பன்றி விலாவெலும்பு. கொழுப்பு சொட்டும்போதெல்லாம் கரி சீறியது. அவள் புருஷன், முப்பது வருஷம் கப்பலில் சமையல்காரராக இருந்த மனிதர். லீவில் வரும்போதெல்லாம் இதை அவர்தான் சுடுவார், அவளைக் கிட்டேயே விடமாட்டார். இன்று எழுந்து நிற்கத் தெம்பில்லை.

'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, கேக்குறதக் குடுங்க' என்று ஆஸ்பத்திரியில் அனுப்பி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அன்றுமுதல் கஞ்சித் தண்ணீர்தான். நேற்றுதான் வாய்விட்டு ஒன்று கேட்டார். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான தபசு காலத்தில் அவர்கள் தெருவில் யார் பன்றி அறுப்பார்கள்? காலையில், புதுத் துறைமுக வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கிக்கொண்டு நின்ற பஸ்ஸில் முத்தையாபுரம் போய், கறிக்கடை நல்லக்கண்ணுவிடம் வாங்கி, கீரைக்கட்டுக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்தாள். புகையை எங்கே மறைப்பது?

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே பாஸ்கலின் அக்கா ஞானசௌந்தரி எட்டிப் பார்த்தாள்.

"ஏளா, இதென்ன கூத்து? தபசு காலத்துல தெரு முழுக்க வாசம்!"

"வாசம்னு அவளே சொல்லிட்டா," என்றார் பாஸ்கல்.

"நீ சும்மா கெட. சீக்காளிக்குப் பாவமில்ல. நான் இவளச் சொல்லுதேன். ஏளா, நீ வாயில வச்சிராத. நேர்ந்தது நெனப்பிருக்கட்டும்."

"இருக்கு மைனி."

தபசு தொடங்கிய சாம்பல் புதனன்று மைனியும் அவளும் சேர்ந்துதான் பனிமய மாதா கோயிலுக்குப் போனார்கள். அவர் பிழைத்தால் போதும், ஈஸ்டர் வரை மீன், கறி, முட்டை தொடமாட்டேன் என்று அமலோற்பவம் மாதா முன்னால் முழங்காலில் நின்று சொன்னாள். பிறந்ததிலிருந்து மீனில்லாமல் சோறு தின்றறியாதவள். நேர்ச்சை எதற்கென்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், ஆஸ்பத்திரியில் சொன்னதையும் சொன்னதாகிவிடும்.

வெந்ததை வெட்டித் தட்டில் வைத்துக் கொடுத்தாள். ஒன்றைக் கையில் எடுத்தவர் கடிக்கவில்லை.

"நீயும் ஒண்ணு எடு."

"எனக்குத் தபசு. நீங்க சாப்பிடுங்க, ஆறிரும்."

"முப்பது வருசம், அமலி. எல்லாருக்கும் போட்டுட்டு, மிஞ்சினத அடுப்படியில ஒத்தையில உக்காந்து தின்னேன். கடைசியாத் திங்கிறதயும் ஒத்தையிலயா?"

அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். எலும்பு வாய்க்குப் போகாமல் தட்டுக்கு மேலேயே நின்றது. கடித்தால் மாதாவிடம் சொன்ன சொல் போய்விடும். கடிக்காவிட்டால் இவர் அதைக் கீழே வைத்துவிடுவார்.

எடுத்துக் கடித்தாள். அவள் மெல்லுவதைப் பார்த்த பிறகுதான் அவர் கடித்தார்.

தின்று முடித்தார்கள். பிறகு அவர், "செத்த நேரம் கண்ணசருதேன்," என்று சாய்ந்தார். ஈரத்துணி நனைத்துக்கொண்டு வந்து கையைத் துடைக்கப்போனாள். கையில் பிடியில்லை; மூச்சும் நின்றிருந்தது. ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். உதட்டோரம் ஒட்டியிருந்த கரியைத் துடைத்தாள். அதன் பிறகுதான் சுவரைப் பார்த்து, "மைனி!" என்று கத்தினாள்.

மறுநாள் அடக்கம் வரை வீடு நிறைய ஆட்கள். ஞானசௌந்தரி ஒவ்வொருத்தியையும் கட்டிக்கொண்டு அழுதாள். "மீன்வாட அண்டாமக் கெடந்தாளே எந்தம்பி பொண்டாட்டி! மாதா கண்ணத் தொறக்கலியே!" கேட்டவர்களெல்லாம் அமலோற்பவத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை பொழுதுசாயக் கல்லறையிலிருந்து திரும்பினார்கள். சொந்தக்காரர் வீட்டிலிருந்து சோறும் ரசமும் மீன்குழம்பும் வந்தன. ஞானசௌந்தரி ரசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவளருகில் வந்து உட்கார்ந்தாள்.

"மைனி, நான் தின்னுட்டேன்."

"என்னத்த?"

"நேத்து. அவரு கூட. ஒரு எலும்பு முழுசா."

ஞானசௌந்தரியின் கை கரண்டியோடு நின்றது. அமலோற்பவம் தலை குனிந்து காத்திருந்தாள்.

"அவன் தின்னானா?"

"ரெண்டு தின்னாரு."

"ரெண்டா!" ஞானசௌந்தரியின் முகம் மலர்ந்து, அப்படியே உடைந்தது. முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். "ரெண்டு தின்னுருக்கான் பாரேன், பயபுள்ள!"

பிறகு எழுந்துபோய் மீன்குழம்புச் சட்டியை எடுத்துவந்து, பெரிய துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தாள். "இனி என்னளா, சாப்புடு."

அமலோற்பவம் அந்தத் துண்டை எடுத்து மைனியின் தட்டில் வைத்துவிட்டு, சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள். ஈஸ்டருக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.