திரைக்குத் திரை நடந்தவர்

...அந்த நீலச் சட்டை அப்பாதான், செருப்பில்லாமல் இவ்வளவு நிமிர்ந்து வேறு யார் நடப்பார்கள், வெளிக்கதவைப் பூட்டாமல் போனது நான்தானே, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம், ஊர் பேர்கூட மறந்துபோன மனுஷன் உள்ளே இருக்கிறார் என்பது எப்படி மறக்கும்... போலீஸ் கட்டுப்பாட்டு அறையில், சுவர் முழுக்க ஒளிர்ந்த திரைகளுக்கு முன்னால், மெரினுக்கு மூச்சு விடவே கூச்சமாக இருந்தது. செல்போனிலிருந்த அப்பாவின் போட்டோ ஒன்றைத்தான் கொடுத்தாள். சுடர்விழி என்ற அந்தச் சின்ன வயசு போலீஸ்காரி அதை ஏற்றி ஒரு பட்டனைத் தட்டினாள், அவ்வளவுதான், முகம் முகமாகக் கொட்டி, சட்டென்று நின்று, இத்தனை ஜனத்துக்குள்ளிருந்து ஒரே ஒரு மிக்கேல், அவளுடைய அப்பா... முத்தியால்பேட்டை மணிக்கூண்டு பக்கம் அப்பா, அந்தத் திரையை விட்டு நழுவி அடுத்த திரைக்குள் நுழையும் அப்பா, டீக்கடை வாசலில் யாரிடமோ சிரிக்கும் அப்பா... சிரிக்கிறாரா? வீட்டில் அவர் சிரித்து எவ்வளவு காலமாச்சு? கடைசியில் தேங்காய்த்திட்டு துறைமுகம், மீன் ஏலக் கூட்டத்துக்குள் கையைத் தூக்கி அவரும் விலை கேட்கிறார்!

"கெடைச்சிட்டாருக்கா. வண்டி கிளம்பிடுச்சு, பயப்படாதீங்க."

அழுகை வந்தது, கும்பிடத் தோன்றியது, கடவுள் எல்லாத்தையும் பார்க்கிறார் என்று ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் சொன்னபோது, குளிக்கும்போதுமா என்று கேட்டு அடி வாங்கியது ஏன் இப்போது ஞாபகம் வர வேண்டும்...

"என் போட்டோவ போட்டாலும் இப்படி வருமா?"

"யாரப் போட்டாலும் வரும்க்கா. பாக்கணுமா?"

வேண்டாம் என்று தலையாட்டினாள், ஏன் வேண்டாம், நான் எதை மறைக்கிறேன், கடன் இல்லை, களவு இல்லை... அன்றைக்கு, அப்பா முதல்முறையாக "நீங்க யாரும்மா?" என்று கேட்ட அன்றைக்கு, கடற்கரைச் சாலையில் ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதாளே, கட்டின புருஷன் அருள்பிரகாஷிடம்கூடச் சொல்லாத அழுகை, ஒருத்தரும் பார்க்கவில்லை என்றுதானே இத்தனை நாள்... ஏதோ ஒரு கம்பத்தின் மேலிருந்து கேமரா பார்த்திருக்கிறது, அந்த ஓரமாய் நிற்கிற பொம்பளை மெரின்தான் என்றுகூட அதற்குத் தெரிந்திருக்கும். பயந்திருக்க வேண்டும். கோபமாவது வந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது நிம்மதி மாதிரி ஒன்று, அதுதான் அவளை உலுக்கியது, ஒரு மிஷின் பார்த்ததற்குப் போய் யாராவது நிம்மதி அடைவார்களா, அப்படியென்றால் ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, எவ்வளவு காலமாக என்னை ஒருத்தரும் பார்க்கவே...