ஜன்னலில் ஒட்டிய படம்

அந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படத்தை மாட்டிப் பார்க்கும் விளக்குப் பெட்டி பழுதாகி வருஷக்கணக்காகிறது. எழுதிப் போட்டுப் பார்த்தார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை. அதனால் வார்டு ஜன்னல்தான் விளக்குப் பெட்டி, வெயில்தான் விளக்கு. கண்ணாடியில் படத்தை பிளாஸ்திரி போட்டு ஒட்டுவார்கள். பார்த்தவர் நோயாளியின் தலையில் திறக்க வேண்டியது எந்தப் பக்கம் என்று நீலப் பேனாவால் குறிப்பார். குறித்தவர்தான் அதற்குப் பொறுப்பு.

டாக்டர் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தாள் பட்டாசு. கூடப் படித்தவர்கள் வைத்த பெயர் அது. பொறுமை என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். மூளை ஆபரேஷன்தான் மேலே படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதற்கு இடம் தலைநகரில் மட்டும்தான் உண்டு. இந்தப் பக்கத்திலிருந்து வருஷத்துக்கு ஒரே ஒருவரைத்தான் எடுப்பார்கள். அந்தப் பெயரைக் கொடுப்பவர் சர்ஜன். நாலைந்து மாவட்டங்களுக்கும் மண்டையைத் திறக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இன்று சாயங்காலம் பெயரை அனுப்பியாக வேண்டும். "அநேகமா நீதான்" என்று காலையில் போனில் சொல்லியிருந்தார்.

அவளுடைய அம்மாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. அம்மா பஸ் கண்டக்டர். "தோல் டாக்டருக்குப் படிடி. பருவுக்கு மருந்து வாங்க வந்தவ எவளும் பாதியில செத்துப் போக மாட்டா" என்பாள்.

மத்தியானம் ஒரு பெயிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஏணியிலிருந்து விழுந்திருக்கிறார். கட்டி இருக்கும் பக்கத்துக் கண்மணி விரிந்திருக்கும், அதைப் பார்த்துச் சொல்லலாம் என்றால் இரண்டு கண்ணும் வீங்கி மூடிக் கிடந்தன. வெளியே ஸ்கேன் சென்டரில் எடுத்த படத்தை நர்ஸ் ஜன்னலில் ஒட்டினார். பட்டாசு ரத்தப் பையோடு வராந்தாவில் ஓடி வந்தவள், போகிற போக்கில் கண்ணாடி வழியாகவே படத்தைப் பார்த்துவிட்டாள். வார்டின் எதிர் ஜன்னல் வெளிச்சத்தில், மூளையை நசுக்கிக்கொண்டு வெள்ளையாய் ரத்தக் கட்டி பளிச்சென்று தெரிந்தது. உள்ளே வந்ததும் வலது காதுக்கு மேலே குறித்தாள்.

சர்ஜன் வேறு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஆபரேஷன் தியேட்டருக்கு வந்தார்.

"படம் பார்த்தியா?"

"பார்த்தேன் சார். வலது பக்கம்."

"சரி, ஆரம்பிக்கலாம்."

அவள் கையுறை போட்டுக்கொண்டு எதிரில் நின்றாள். மழித்த தலையில் மருந்து தடவும்போது யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். கதவுக் கண்ணாடியில், வெளியே இருப்பவர்களுக்காக எழுதிய "உள்ளே வராதீர்கள்" உள்ளிருந்து பார்க்க இடவலம் மாறித் தெரிந்தது.

அந்தப் படத்தின் மூலையில் இருந்த எழுத்துகளும் இப்படித்தானே மாறி இருந்தன? இருந்தனவா? வராந்தாவிலிருந்து பார்த்தால் இடது வலதாகத் தெரியும், வலது இடதாகத் தெரியும். இது தெரியாமலா இத்தனை வருஷம் படித்துக் கிழித்தாள்? தப்பான பக்கத்தைத் திறந்து, அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டுபிடித்து, மறுபக்கம் போவதற்குள் அந்த ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார்.

சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் மனசு குறுக்குவழி தேடியது. தன் தலை உருளாமல் சொல்ல முடியுமா என்று பார்த்தாள்.

"சார், படத்தை இன்னொரு தடவை பார்த்துடலாமா?"

"அதான் நீ பார்த்துட்டியே" என்றார் சர்ஜன். கத்தி அவர் கைக்கு வந்துவிட்டது.

"நாடி குறைஞ்சுக்கிட்டே வருது சார்" என்றார் மயக்க டாக்டர்.

கத்தி நீலக் கோட்டுக்கு மேலே இறங்கியது.

"வேண்டாம் சார், நிறுத்துங்க. நான் படத்தை வராந்தாவுல இருந்து பார்த்துட்டேன். கட்டி இடது பக்கமா இருக்கலாம்."

சர்ஜன் கத்தியை அந்தரத்திலேயே நிறுத்தினார்.

"இருக்கலாமா, இருக்கா?"

"தெரியல சார். பார்த்தாதான் தெரியும்."

நர்ஸ் தலைதெறிக்க ஓடினார். வார்டுக்கும் தியேட்டருக்கும் நடுவில் ஒரு மாடிப்படி. சர்ஜன் கத்தியைக் கீழே வைக்கவில்லை. அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நாடியைக் காட்டும் கருவி இழுத்து இழுத்து ஒலித்தது. பாவி, கொன்னுட்டியே என்று அவள் தன்னையே வைதுகொண்டாள்.

நர்ஸ் வந்து படத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். எழுத்துகள் நேராக இருந்தன. கட்டி இடது பக்கம்.

"தலையைத் திருப்பு" என்றார் சர்ஜன்.

அவள் திருப்பிப் பிடித்தாள். மருந்து தடவி, தோலைக் கீறி, கையால் சுற்றும் துளைப்பானை வைத்தார். எலும்புத்தூள் உதிர்ந்தது. துளை விழுந்ததும் கறுப்பாய் ரத்தம் பொங்கி வந்தது. கொஞ்ச நேரத்தில் நாடி மேலே ஏறியது. மயக்க டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கை கழுவும் இடத்தில் சர்ஜன் குழாயைப் பார்த்தபடியே பேசினார்.

"உன் பேரை அனுப்ப முடியாதும்மா. உன்கூடப் படிக்கிற பையன் பேர்தான் போகுது."

"சரி சார்."

"நானும்தான் படத்தைப் பார்க்காம கத்தியைத் தூக்கினேன். ஆனா என் பேரை யாரும் எங்கேயும் அனுப்பப் போறதுமில்ல, நிறுத்தப் போறதுமில்ல." குழாயை மூடிவிட்டுப் போய்விட்டார்.

அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தாள். பஸ் இரைச்சலுக்கு நடுவே அம்மா குரல் கேட்டது.

"பேர் போயிடுச்சா?"

"போகலம்மா." அவ்வளவுதான், அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா ஆசைப்பட்டதுதான் நடந்திருக்கிறது. அப்பாடா என்றாவது சொல்வாள் என்று காத்திருந்தாள்.

"தப்புன்னு கண்டுபிடிச்சுச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"ஆள் பிழைச்சுட்டாரா?"

"இப்போதைக்குப் பிழைச்சுட்டாரும்மா."

"அவர் பொண்டாட்டிகிட்ட சொன்னியா?"

பட்டாசு படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வராந்தா கோடியில் அந்தப் பெண் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தியேட்டர் கதவையே பார்த்து நின்றாள். இத்தனை நேரமும் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இன்னும் இல்லம்மா."

"என்ன டாக்டர்டி நீ" என்றாள் அம்மா. "முதல்ல எழுந்து போய் அதைச் சொல்லு. அழுகையை அப்புறம் வச்சுக்கலாம்."