பிரிக்காத பன்னிரண்டு

லாரியோடு நாற்பது நாள் ஊர் சுற்றிவிட்டு சொந்த ஊரான மோன்சேக்கு வந்த சிமூக்கா, இரண்டு நாளாக உத்தமன் வேஷம் போட்டான். கிளம்பும்போது மனைவி லுயாண்டோ கொடுத்தனுப்பிய ஆணுறைகளை இன்று மேசையில் கொட்டினான்.

“எண்ணிப் பாருடி! பன்னிரண்டும் அப்படியே இருக்கு. இப்பவாவது புருஷன நம்புவியா?”

ன்ஷிமா சோளக்களி கிண்டிய துடுப்பைக்கூடக் கீழே வைக்காமல், துவைக்கும்போது அவன் சட்டைப்பையில் கிடைத்த சீட்டை முகத்தில் வீசினாள் லுயாண்டோ. வழியில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது: ‘வெட்டை நோய். ஊசி போடப்பட்டது. மனைவியையும் சிகிச்சைக்கு அழைத்து வரவும்.’

சிமூக்கா சீட்டைப் பொறுக்கி மடித்தான். “ஒரே ஒரு தடவதான்...”

“நம்புறேன்யா. பன்னிரண்டுல ஒண்ணக்கூட நீ தொடல. தொட்டிருந்தா, முந்தாநேத்து உன்னைத் தொட்டதுக்கு நான் இன்னைக்கு ஊசிக்குப் போகவேண்டியதில்ல.”