முதல் மடக்கு

அரிசி டிரம்முக்குள் படியை விட்டு அள்ளிய டெய்சிராணியின் கையில் புத்தகம் ஒன்று தட்டுப்பட்டது. எடுத்து உதறினாள். சிவப்பு அட்டை.

“ஏட்டி எப்சி! இங்கன வா. இது என்னது?”

எப்சிபா அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். குற்றாலத்தில் சாரல் தொடங்கிய நாட்களில், அருவிக்குப் போகிற வழியில் பழைய புத்தகம் விற்கிறவனிடம் பரீட்சைக்குக் கைடு தேடப் போய் வாங்கியது. இயேசு சீடர்களோடு அருந்திய கடைசி விருந்து வெறும் சாப்பாடுதான், பாத்திரத்தை எடுத்து அவர் சொன்ன வார்த்தைகள் பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை என்று எழுதியிருந்தது. காலிக் கல்லறைக்கும் வேறு ஏதோ காரணம் சொன்னது. மூடிவிடலாம், மூடிவிடலாம் என்று நினைத்தபடியே முழுவதையும் படித்துவிட்டாள்.

“பதினாறு வயசுல படிக்கியதாட்டி இது? நாளக்கழிச்சு திடப்படுத்தல். பேராயர் வாராரு. ஒங்கப்பா சபைக்கு செயலாளரு. வெளிய தெரிஞ்சா எவன் மூஞ்சில முழிக்க?”

“சத்தம் போடாதம்மா. நானே பயந்துபோய்க் கெடக்கேன்.”

அது நிஜம். பேராயர் தலையில் கை வைத்துச் சபையில் முழு அங்கமாகச் சேர்க்கும் திடப்படுத்தல் முடிந்த கையோடு பிள்ளைகள் முதல்முறையாகத் திருவிருந்தில் பங்கெடுத்து, திராட்சரசம் குடிக்க வேண்டும். விசுவாசமில்லாமல் அந்தப் பாத்திரத்தில் குடிக்கிறவன் தன் தண்டனையைத் தானே குடிக்கிறான் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஜெபிக்கக் கண்ணை மூடினால் சிவப்பு அட்டைதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை உதட்டில் பாத்திரம் பட்டதும் அங்கேயே சுருண்டு விழுந்துவிடுவோமோ என்று பயந்தாள்.

சாயந்திரமே அப்பா சாமுவேல், சபையின் போதகரை அழைத்து வந்தார். அவரை ஐயர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கூடவே கமிட்டியில் இருக்கும் தங்கத்துரையும் வந்தார்.

ஐயர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். “இதுக்கா அழுத? எத்தனை பேரு எத்தனை எழுதிட்டான். ஒரு புக்கு தள்ளி விழுறதுக்கு நம்ம விசுவாசம் என்ன ஓலைக் குடிசையாம்மா? பாறை மேல கெட்டுனது. ஆடாது. போ, டீ போட்டுக் கொண்டா.”

எப்சிபாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அடுப்பில் பால் வைத்தாள். அறையில் பேச்சு தணிந்தது.

“அது கெடக்கட்டும் ஐயரே, அந்த வரிசைய என்ன செய்ய?” என்றார் தங்கத்துரை. “வகுப்புப் பரீட்சையில மொதல்ல வந்த பிள்ளைதான் மொதல்ல முட்டுப் போடணும்னு பேராயர் சொல்லிட்டாராமே. மொதல்ல வந்தது காலனிப் பிள்ள.”

அந்தச் சபையில் திருவிருந்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. வடக்குத்தெருக் குடும்பங்கள் முதலில் போய் முழங்காலிடும். அவர்கள் எல்லாரும் குடித்து முடித்த பிறகே, கீழ்ச்சாதி என்று ஊர் ஒதுக்கி வைத்த காலனிக்காரர்கள் கடைசிப் பெஞ்சிலிருந்து எழுந்து வருவார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே வெள்ளிப் பாத்திரம்தான். ஆனால் காலனியின் உதடு பட்ட பிறகு அது வடக்குத்தெருவுக்குத் திரும்பியதில்லை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. கடைசிப் பெஞ்சில் வளர்கிற குழந்தைக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

“கெத்சியா வாய் வச்சதுலயா நம்ம பிள்ளையளு குடிக்கும்? வீட்டுப் பொம்பளையளு ஒத்துக்கிட மாட்டாளுவ” என்றார் தங்கத்துரை.

“பேராயர் சொன்னத நான் மாத்த முடியாதே” என்று ஐயர் கண்ணாடியைத் துடைத்தார்.

வழி சொன்னது சாமுவேல்தான். “வரிசைய மாத்தாண்டாம். பாத்திரத்த மாத்திருவோம். ஆளுக்கொரு சின்ன பிளாஸ்டிக் கப்பு. தென்காசியில கெடைக்கும். சுகாதாரம்னு சொல்லிருவோம். யாரு என்ன கேக்கப் போறா?”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. எப்சிபா பார்த்துக்கொண்டே நின்றாள்.

டீ குடித்துவிட்டு ஐயர் சிவப்புப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். “இது வீட்டுல இருக்கக் கூடாத பொருளு.”

சனிக்கிழமை கோயிலில் எப்சிபாவும் கெத்சியாளும் பூ அலங்காரம் செய்தார்கள். கெத்சியாளின் அம்மா ஞானப்பூ வெள்ளிப் பாத்திரத்தைப் பல்பொடி போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். கோயிலைக் கூட்டி மெழுகுவது அவள் வேலை. வடக்குத்தெருவில் பால்குடி மறந்த பிள்ளைகூட அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும்.

“பாருட்டி, மூஞ்சி தெரியுது” என்று கெத்சியாள் பாத்திரத்தில் பல்லைக் காட்டினாள். “நாளைக்கு இதுல மொத மடக்கு எனக்குத்தான். எங்கம்மா எத்தனையோ வருசமா வெளக்குதா. ஒரு நாளாவது இது நெறஞ்சி இருந்து பாத்திருக்காளா, கேளு.”

“நமக்கு எப்பவும் அடியில கெடக்கதுதான” என்று ஞானப்பூ சிரித்தாள். “எம்பிள்ள நாளைக்கு மேல உள்ளதக் குடிப்பா.”

கெத்சியாளை ஜன்னலோரம் இழுத்துப்போய் எப்சிபா தன் பயத்தைச் சொன்னாள். புத்தகம், கல்லறை, சுருண்டு விழுவது, எல்லாம். கெத்சியாள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

“போட்டி பயந்தாங்கொள்ளி! நீதான ரெண்டாவது? எம் பக்கத்துல முட்டுப் போடு. நாங் குடிச்சி எனக்கு ஒண்ணும் ஆவலன்னா நீயும் குடி. நான் விழுந்தா ஓடிரு.”

பிளாஸ்டிக் கப் விஷயம் எப்சிபாவின் நாக்கு நுனிவரை வந்தது. அப்பாவின் முகமும் கூடவே வந்தது. சம்பங்கிப் பூவைக் காம்பு கிள்ளிக் கிள்ளி அடுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலைகள் வரிசையாகப் போய், பீடத்தின் முன்னிருந்த மரக் கிராதியில் முழங்காலிட்டன. பேராயர் ஒவ்வொரு தலையிலும் கை வைத்தார். பிறகு சாமுவேல் ஒரு தட்டை நீட்டினார். தட்டு நிறையச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கப்புகள்.

“இது புதுசா?” என்று பேராயர் மெல்லக் கேட்டார்.

“சுகாதாரத்துக்காக, ஐயா.”

“நல்ல ஏற்பாடு.”

கெத்சியாள் தட்டைப் பார்த்தாள். பீடத்தில் துணி மூடிக் கிடந்த வெள்ளிப் பாத்திரத்தைப் பார்த்தாள். திரும்பிக் கடைசிப் பெஞ்சில் அம்மாவைப் பார்த்தாள். ஞானப்பூ தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியாகக் கெத்சியாளின் கண் எப்சிபாவிடம் வந்து நின்றது.

“ஒனக்கு நேத்தே தெரியுமாட்டி?”

எப்சிபாவால் பொய் சொல்ல முடியவில்லை. தலையசைத்தாள்.

கெத்சியாள் கப்பை எடுத்து, காய்ச்சல் மருந்து குடிப்பதுபோல் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு எழுந்து போனாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இனி எப்சிபாவின் முறை. தட்டிலிருந்து ஒரு கப்பை எடுத்தாள். இத்தனை நாள் தூங்கவிடாத பயத்தை அவள் உள்ளே தேடிப் பார்த்தாள். காணோம். அந்த இடத்தில் கெத்சியாள் கேட்ட கேள்வி மட்டும் இருந்தது. கை உதட்டுக்கு ஏறவில்லை. நிரம்பிய கப்பைப் பூஜாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு மற்றவர்களோடு எழுந்தாள்.

டெய்சிராணி அதைப் பார்த்துவிட்டாள். ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள். சாமுவேல் போய் ஐயரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பாழாப்போன புத்தகம் எம் பிள்ளையோட விசுவாசத்தையே ஆட்டிட்டு, ஐயரே.”

“நானும் லேசா நெனைச்சிட்டேன். வார ஞாயிறு அதப் பத்தித்தான் பிரசங்கம்” என்றார் ஐயர். “இந்த மாதிரிப் புக்க எல்லா வீட்டுலயும் தேடிப் பாக்கணும்.”

கோயிலுக்குள் ஞானப்பூ பிளாஸ்டிக் கப்புகளைப் பெருக்கிக் கூட்டினாள். பூஜாடியை நகர்த்தியவள், உள்ளேயே நின்றிருந்த எப்சிபாவை நிமிர்ந்து பார்த்தாள். “தாயி, இது யாருக்குள்ளது? கீழ ஊத்தக் கூடாதே. ஐயரக் கூப்பிடட்டா?”

“என்னோடது, சித்தி.”

ஞானப்பூவின் விளக்குமாறு நின்றது. “அப்படியெல்லாம் கூப்பிடாத தாயி. ஒங்கப்பா வெளியதான் நிக்காவ.”

எப்சிபா துணியை விலக்கி வெள்ளிப் பாத்திரத்தை எடுத்தாள். தன் கப்பில் இருந்ததை அதில் ஊற்றினாள். பாத்திரத்தின் அடிகூட முழுதாக நனையவில்லை. அதைக் கையில் ஏந்திப் போய், கிராதியின் கடைசி மூலையில், காலனிக்காரர்கள் முழங்காலிடும் இடத்தில் முழங்காலிட்டாள்.

“கெத்சியாவக் கூட்டிட்டு வாங்க சித்தி. அவ மொதல்ல குடிக்கட்டும். பெறகு நான்.”

“அவ வரமாட்டா. யாரு மூஞ்சியும் பாக்காம ஓடியே போயிட்டா.”

“வாரது வரைக்கும் இருக்கேன்.”

ஞானப்பூ விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கவாசல் வழியாக வெளியே போனாள். வேப்பமரத்தடியில் இன்னும் புத்தகத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். எப்சிபாவுக்கு முழங்கால் வலித்தது. அவள் கையில் இருந்த பாத்திரத்தின் விளிம்பில் அன்றைக்கு ஒருவருடைய உதடும் பட்டிருக்கவில்லை.