லோகநாயகி வாசிக்கும் நேரம்

பருத்திப்பட்டு ஏரிக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் லோகநாயகி, மவுத் ஆர்கன் வாசிக்கும்போது வீட்டில் இருப்பதில்லை. சத்தம் மட்டும் இருக்கும். மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதற்கு ஒரு முழம் மேலே அந்தரத்தில் பாட்டு, ஆள் கிடையாது. 2022 ஆடி மாதத்தில் ஒரு மாலை இதை முதலில் கண்டவன் அவள் கணவன் கிருபாகரன். அவன் குடும்பம் அந்த ஊரில் நாலு தலைமுறை நெல் விளைத்தது. நிலமெல்லாம் மனைகளான பிறகு அவன் ஆவடி சாலையில் ஹார்டுவேர் கடை போட்டான். லோகநாயகி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஒரு நாளைக்கு நாலாயிரம் போல்ட்டுகளை அளவு பார்க்கிறாள். அடுத்த மேசை ஆக்னஸ் வேலையை விட்டுக் கோயம்புத்தூருக்குப் போகும்போது தன் பழைய மவுத் ஆர்கனை அவளுக்குக் கொடுத்தாள். அதற்கு முன்பே சாப்பாட்டு இடைவேளைகளில் இரண்டு பாட்டும் பழக்கியிருந்தாள். மூன்றாவது பாட்டை லோகநாயகி தானே கட்டினாள். அதை முழுசாக வாசித்த அன்றுதான் முதன்முதலாகக் காணாமல் போனாள்.

முக்கால் மணி நேரம் கழித்துப் பாட்டு முடிந்ததும் அவள் நாற்காலியில் இருந்தாள். தலைமுடியில் பனித்துளி, வெறுங்காலில் செம்மண். பருத்திப்பட்டில் செம்மண் கிடையாது, ஆடியில் பனியும் இறங்குவதில்லை. கிருபாகரனை இவை எதுவும் தொந்தரவு செய்யவில்லை. வந்து இறங்கும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அந்தச் சிரிப்பை அவன் பார்த்ததில்லை. அது எங்கே, யாரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு என்ற கேள்வி அவனைச் சாப்பிடவிடவில்லை.

"எங்க போய்ட்டு வர?" என்று கேட்டான்.

"எங்கயும் போவல. வாசிச்சிகினு இருந்தேன்" என்றாள், மண்ணைக் கழுவிக்கொண்டே.

தெருவுக்கு விஷயம் ஒரு வாரத்தில் தெரிந்தது. சிலர் மாடிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், பிறகு பழகிவிட்டது. எதிர் ஃபிளாட்டில் குடிவந்திருந்த ஸ்வாதிக்கு மட்டும் பொறுக்கவில்லை. ஐ.டி. கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்து வரும் தனக்கல்லவா இது கிடைத்திருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். ஜெர்மனியில் செய்த மவுத் ஆர்கன் ஒன்றை வரவழைத்து, ஆன்லைனில் பாடம் கேட்டு, நான்கே மாதத்தில் லோகநாயகியைவிடச் சுத்தமாக வாசித்தாள். நாற்காலியை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. அதன் பிறகு பாட்டுச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் வழக்கம் அவளுக்கு வந்தது.

கிருபாகரனுக்குச் சாத்த ஜன்னல் இல்லை. தினமும் ஆறரை மணிக்கு மாடி ஏறி, காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் திரும்பியதும் புடவையை முகர்ந்து பார்த்தான். பெயர் தெரியாத ஏதோ தழையின் வாசனை. 2023 தையில் ஒருநாள் மவுத் ஆர்கனை எடுத்துப் போய்க் கடையில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தான். லோகநாயகி இரண்டு நாள் தேடினாள், பிறகு விட்டுவிட்டாள். மாலையெல்லாம் அவனுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு வாரம் அவன் சந்தோஷமாக இருந்தான்.

இரண்டாவது வாரம் அவள் கனக்கத் தொடங்கினாள். பிளாஸ்டிக் நாற்காலி நாலு காலும் விரிந்து உடைந்தது. கம்பெனி வேன் அவள் உட்கார்ந்த பக்கம் சாய்ந்தது. டிரைவர் அவளை நடு சீட்டுக்கு மாற்றினார். டாக்டர் வீட்டு எடை மெஷின் ஐம்பத்தெட்டு கிலோ என்றே காட்டியது, ஆனால் மெஷினுக்கு அடியில் தரை வெடித்தது. மாசி முதல் வெள்ளிக்கிழமை சமையலறையில் சோறு போடும்போது அவள் ஒரு கையை அவன் தோளில் ஊன்றினாள், அவன் தட்டோடு தரையில் சரிந்தான். நிமிர்ந்து பார்த்தால் அவள் பாதங்கள் டைல்ஸுக்குள் கணுக்கால்வரை இறங்கியிருந்தன. அவள் அதைக் கவனிக்கவில்லை. கரண்டியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிருபாகரன் கை கழுவாமல் கடைக்கு ஓடினான். மவுத் ஆர்கனை எடுத்தவனுக்கு அந்த நேரத்திலும் ஆசை விடவில்லை. அவள் போகிற இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று வாயில் வைத்து ஊதினான். பைப் ஏற்ற வந்து நின்ற லோடு ஆட்டோ சுலைமான் காதைப் பொத்திக்கொண்டான். "அண்ணாத்தே, இன்னா ஆச்சு? ஊட்டாண்ட வுடவா?" என்றான். இருந்த இடத்திலேயே இருந்த கிருபாகரன் தலையாட்டினான்.

மவுத் ஆர்கனை அவளிடம் நீட்டினான். "கடைல வெச்சிருந்தேன்" என்றான்.

"தெரியும். நீயே எடுத்தாந்து குடுப்பன்னு பார்த்துகினு கீறேன்."

"அங்க யாரு கீறாங்க லோகு? அத்த மட்டும் சொல்லிடு."

"யாரும் இல்ல. அதுக்குத்தான்யா போறேன்."

ஓர் ஆள் இருந்திருந்தால் போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். யாரும் இல்லாத இடத்தை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் நின்ற இடத்திலேயே நின்று வாசித்தாள், பாதங்கள் தரையை விட்டுக் கிளம்பின, சமையலறையில் இரண்டு குழிகள் மட்டும் மிச்சம். டைல்ஸ்காரர் வந்து அடைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கிருபாகரன் புது நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றைப் போட்டு உட்கார்ந்து கேட்கத் தொடங்கினான். மூச்சு வாங்குகிற இடங்களை வைத்து, இப்போது மேடு ஏறுகிறாள், இப்போது தண்ணீரில் கால் வைக்கிறாள் என்று ஓரளவு சொல்லிவிடுவான். பொறாமை போகவில்லை, இப்போதும் இருக்கிறது. கேஸ் சிலிண்டர்க்காரர் வந்து அம்மா எங்கே என்றால், "வாசிச்சிகினு கீது, ஒரு முக்கா மணி ஆவும்" என்று அவனே வாங்கி வைக்கிறான்.

போன ஐப்பசியில் அவள் நாலாவது பாட்டு வாசித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று மழை பிடித்தது. அவள் இருக்கும் இடத்தில் வெயிலடிக்கும் என்ற நினைப்பில் அவனுக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடு எழுந்து, நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து, மேலே இருக்கும் பாட்டு ஆடாமல், ஒவ்வொரு படியாக இறங்கிக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தான். "உள்ள இட்டாந்துட்டேன் லோகு. நீ மெதுவா வா" என்று நாற்காலியிடம் சொல்லிவிட்டு, தலையைத் துவட்டத் துண்டு எடுக்கப் போனான். பாட்டு நடுவில் எங்கும் நிற்கவில்லை.